புள்ளியிடாத ஒரு பாடவேளை

கல்லூரி அன்னை யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அவள் எய்திய வெற்றிகளை எடுத்தியம்புவதே இம்மலருக்கு எழுதுவோர் கடன் என்பதை யாம் அறியாமலில்லை. பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் விளையாட்டரங்கிற் பேர் பெற்றோரையும் பற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது அன்னையின் கடைக்குட்டிகளைப் பற்றியாகும். ஆரம்பப் பிரிவின் வாயிலிலே காலை வேளையிற் சிறிது நேரம் நின்று பார்ப்பவர் எவரும் காணக்கூடிய ஒரு காட்சியே எம்மை எழுதத் தூண்டியது.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ்ஸிலும் வானிலும் முச்சக்கர வண்டியிலும் பிள்ளைகள் வந்திறங்குகின்றனர். பெரும்பாலார் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகின்றனர். ஒருவன் மட்டும் தாயின் கையை விடான். "வயிறு குத்துது அம்மா" என்பதே அவன் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை. "நேற்றும் இப்பிடித்தான் சேர். டொக்டரிட்டையும் காட்டியாச்சு. வயித்திலை ஒண்டுமில்லையாம்" என்று தாய் எம்மை நோக்கிக் கூறுவாள். விடுமுறை நாட்களிற் குத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடும்போது அது மெல்லத் தலைகாட்டும். திங்கட்கிழமை காலையில் உச்சமடையும். எமது ஆசிரிய வாழ்விலே இப்பிள்ளையைப் பல பெயர்களிற் பல வகுப்புக்களிற் கண்டிருக்கின்றோம்.

இவ்வலியைப் பொய் என்று தள்ளுவோர் உளர். அது பொய்யன்று. அஞ்சிய உடலிலே இதயத்துடிப்பு விரைகின்றது, மூச்சுக் குறுகுகின்றது, குருதி குடலை விட்டுத் தசைகளுக்கு ஓடுகின்றது, வயிறு இறுகுகின்றது. ஓடித் தப்புவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. சிறுத்தையைக் கண்டவனுக்கு இவ்வாயத்தம் உயிர் காக்கும். கணித வினாத்தாளைக் கண்ட சிறுவனுக்கோ ஓடவும் இடமில்லை, எதிர்க்கவும் வழியில்லை. செலவாகாத ஆயத்தம் வயிற்றிலே தங்கி வலியாகின்றது. பெரியோர் "மனஞ் சரியில்லை" என்று சொல்லத் தெரிந்தவர். எட்டு வயதுப் பிள்ளையிடம் அச்சொல் இல்லை. வயிறு என்ற சொல்லே அவனிடம் உண்டு.

இதனை மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணவேண்டியதில்லை. உள்ளத்தில் எழுவது மெய்யிலே படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டவர் நம் முன்னோர். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தார். கண்ணுக்குப் புலனாகாது வருத்தும் ஆற்றல் ஒன்று, கொடிய விலங்கு இரண்டு, கள்வர் மூன்று, தம்மை ஆளும் இறை நான்கு. இறை என்பதற்கு அரசன் என்று மட்டும் பொருள் கொள்வது பெரியோர்க்குப் பொருந்தலாம். பிள்ளைக்குத் தாயும் இறை, தந்தையும் இறை, கையிற் சிவப்புப் பேனாவோடு நிற்கும் ஆசிரியரும் இறை. கொழும்பு மாநகரில் அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளையைக் கொடுவிலங்கு நெருங்குவதில்லை. நான்காம் வகை அச்சமோ நாள்தோறும் நெருங்குகின்றது.

அச்சம் வேறு, பதகளிப்பு வேறு. அச்சத்துக்குக் கண்முன்னே ஒரு பொருள் உண்டு: இதோ நாய், இதோ இடி. பதகளிப்புக்கு அத்தகைய பொருள் இல்லை. ஏதோ வரப்போகின்றது, எது என்று தெரியவில்லை, எப்போது என்றும் தெரியவில்லை என்னும் தவிப்பே பதகளிப்பு. உருவமில்லாமையே அதன் பலம். ஆகவே அதற்கு ஓர் உருவத்தைப் பிள்ளை தன் கையாலேயே கொடுக்குமாயின் அதன் பலம் குன்றும். களிமண்ணும் வர்ணமும் பாட்டும் கதையும் நாடகமும் பிள்ளைக்குத் துணையாவது இவ்வழியாலேயே. இதுவே யாம் சொல்ல வந்த முதற் செய்தி. இரண்டாவது செய்தி ஒன்றும் உண்டு, அது கசப்பானது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கொழும்பிலே தமிழ்ப் பிள்ளையின் பதகளிப்பைப் பற்றிப் பேசும்போது பெற்றோரின் பதகளிப்பைப் பேசாது விடுதல் இயலாது. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் 1983 ஆம் ஆண்டு ஜூலையிற் சிறுவராயிருந்தவர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி வகுப்பறைகளிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் தங்கி, பின்னர்க் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தவர்களும் அவர்களுள் இருத்தல் கூடும். அவர்களின் மூத்தோர் 1958 ஐக் கண்டவர். இளையோர் 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதியை மறந்திரார். அன்று அதிகாலையில் வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலிருந்து 370 க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. நீதிமன்றத் தடையுத்தரவு பஸ்ஸைத் திருப்பியது. கதவு தட்டப்பட்ட ஓசையை மனத்திலிருந்து யார் திருப்புவார்? அன்று தாயின் மடியிலிருந்த குழந்தை இன்று வாலிபப் பருவத்தில் நிற்கின்றது. அன்று வாலிபராயிருந்தவர் இன்று எமது வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். தாம் பட்டதை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன? இரவில் அழைப்பு மணி ஒலிக்கும்போது தந்தையின் முகம் மாறுவதைப் பிள்ளை பார்க்கின்றது. காரணம் தெரியாமலே அச்சத்தைக் கற்றுக்கொள்கின்றது.

பின்னர் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆந் திகதி வந்தது. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் ஓசை கொட்டாஞ்சேனை வீடுகளுக்குள்ளே கேட்டது. அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளிற் சைவரும் செல்வர் என்பது கொழும்பில் வாழ்வோர் அறிந்ததே. பாடசாலைகள் சில வாரம் பிந்தித் திறந்தபோது வாயிலிற் பிள்ளைகளின் புத்தகப்பைகள் சோதிக்கப்பட்டன. வகுப்பாசிரியர் ஒருவர் விடுமுறையில் இருந்தமையால் நான்காம் வகுப்புச் சிறிது காலம் எம் பொறுப்பில் இருந்தது. அவ்வகுப்பிலே கொட்டாஞ்சேனைச் சிறுவன் ஒருவன் பாடத்தைக் கவனியாது பக்கத்துப் பிள்ளைகளின் பைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். எவரேனும் பையைத் திறந்தால் எழுந்து நிற்பான்.

ஒருநாள் விரும்பியதை வரையுமாறு கூறினோம். அவன் தாள் முழுவதும் ஒரு கரிய பையை வரைந்தான். பைக்கு வாயில்லை. யாம் அதனைப் பார்த்து, "தம்பி, பையை வடிவாய்க் கீறு. உள்ளுக்கு இருக்கிற புத்தகம் தெரியவேணும்" என்று திருத்தினோம். அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான். அன்று யாம் செய்தது பிழை. பிள்ளை எம்மிடம் ஒரு கடிதம் நீட்டியது. யாம் அதன் எழுத்துப்பிழையைத் திருத்தினோம்.

பிழையை உணர்ந்தபின் மறுவாரம் பழைய செய்தித்தாள்களும் பசையும் கொடுத்து, எவரும் எதனையும் செய்யலாம் என்று கூறி, யாமும் அவர்களோடு தரையில் அமர்ந்து ஏதோ செய்தோம். அவன் காகிதப் பையொன்று செய்தான். இம்முறை வாய் இருந்தது. உள்ளே என்ன என்று யாம் வினவவில்லை. அவனே காட்டினான். காகிதத்தாற் செய்த குருவி ஒன்றும் களிமண் உருண்டை இரண்டும் இருந்தன. "ரெண்டும் லட்டு" என்றான். அப்பையை ஒவ்வொரு நாளும் வகுப்பில் திறப்பான், பார்ப்பான், மூடுவான். ஏறக்குறைய ஒரு மாதம் இவ்வாறு நடந்தது. பின்னர் ஒருநாள் பை யன்னலோரத்திலே கேட்பாரற்றுக் கிடந்தது. அவன் அதனை மறந்து மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அவன் மறந்தமையே எமக்குக் கிடைத்த சான்றிதழ் என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

ஒரு பிள்ளையின் கதை எதனையும் நிறுவிவிடாது. காலமும் தாயின் அணைப்பும் அவனுக்கு உதவியிருக்கும். ஆயினும் அங்கு நிகழ்ந்ததை ஆராய்ந்தால் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, உள்ளே இருந்த அச்சம் வெளியே வந்து கையால் தொடக்கூடிய பொருளாயிற்று. இரண்டாவது, அப்பொருளை ஆள்பவன் அவனேயானான். திறப்பதும் மூடுவதும் அவன் விருப்பம். மூன்றாவது, அதே செயலைப் பன்முறை செய்து, திறந்தபோதெல்லாம் தீங்கு வாராமையைத் தன் கண்ணாலேயே கண்டான். "பயப்படாதே" என்று நூறு முறை கூறினும் பிள்ளைக்கு இம்மூன்றும் கிட்டா. "பயப்படாதே" என்ற சொல்லிலேயே பயம் இருக்கின்றதன்றோ?

இது எமது கண்டுபிடிப்பன்று. போரின் கொடுமையை நேரிற் பட்ட எம்மவர் இவ்வழியை முன்னரே நடந்து காட்டியிருக்கின்றனர். மட்டக்களப்பிலே 1996 ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதனைத் தோற்றுவித்தனர். போரிற் பாதிக்கப்பட்ட தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே ஒன்றாகக் கூடினர், களிமண் பிசைந்தனர், வர்ணந் தீட்டினர், கதை கட்டினர், நாடகம் ஆடினர், செடி நட்டனர். போரினூடே வளர்ந்த இளைஞரே அவர்களுக்கு வழிகாட்டிகளாயினர். வடக்கிலே குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களாற் பாடசாலை அரங்கைப் பிள்ளைகளின் களமாக்கினார். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் தந்த உளக்காயங்களைப் பற்றி 'மனவடு' என்னும் நூலைத் தமிழிலேயே எழுதினார்.

கடல்கடந்த எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூத மக்களை நாற்சிகள் அடைத்துவைத்த தெரேசின் என்னும் இடத்திற்கு 1942 ஆம் ஆண்டு டிசெம்பரிலே பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை கொண்டுவரப்பட்டார். கைப்பொதியாகக் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட சிறு நிறையிலே அவர் ஓவியப் பொருள்களையும் சுமந்து வந்தார். பசியும் பிணியும் சூழ்ந்த அவ்விடத்திலே சிறுவருக்கு வரையக் கற்பித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தான் வரைந்ததிலே தன் பெயரை எழுதவேண்டும் என்பது அவர் விதி. எண்களாகக் கணக்கிடப்பட்ட பிள்ளைகள் தாள்களிற் பெயருடையவர்களாயினர். 1944 ஒக்ரோபரில் அவர் அவுஸ்விற்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு வரைந்த சிறுவரிற் பெரும்பாலாரும் மாண்டனர். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் ஏறக்குறைய 4,500 ஓவியங்கள் இருந்தன. வர்ணம் அவர்களின் உயிரைக் காக்கவில்லை. ஆனால் உயிர் இருந்த நாளெல்லாம் அவர்கள் குழந்தைகளாகவே இருப்பதற்கு அது துணைநின்றது. கலையிடம் இதற்கு மிஞ்சியதை எதிர்பார்த்தல் ஆகாது. இதற்குக் குறைந்ததாகக் கருதுதலும் ஆகாது.

இத்துணைப் பெருந்துயரை ஒருபுறம் வைத்து நமது தோட்டத்துக்கே மீள்வோம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிச் சிறுவருக்குப் பாடினார். வெரு என்றால் அச்சம். அச்சுறுத்த நிறுத்தியது வெருளி. வெருட்ட நின்ற அவ்வுருவத்தைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பார்க்கும்படி செய்தது அவர் பாட்டு. வைக்கோலும் பழஞ்சட்டையும் கொண்டு வெருளி கட்டியறிந்த பிள்ளை வெருளிக்கு அஞ்சாது. இதைவிட எளிதாக இவ்வுண்மையை விளக்க எம்மால் இயலாது.

இனிக் கசப்பான செய்திக்கு வருவோம். "சித்திரமும் சங்கீதமும் நடனமும் எமது பிள்ளைகளுக்கு இல்லையா? வெள்ளவத்தையில் ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒரு வகுப்பு இருக்கின்றதே" என்று பெற்றோர் கேட்கலாம். உண்மைதான். பரதத்துக்குத் தரப் பரீட்சை, சங்கீதத்துக்குத் தரப் பரீட்சை, சித்திரத்துக்குப் போட்டி, பேச்சுக்குப் போட்டி, பண்ணிசைக்குப் போட்டி என்று கலைகள் பிள்ளையைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆனால் அச்சத்துக்கு மருந்தாக வேண்டியதையே அச்சத்தின் மற்றொரு வாயிலாக நாம் ஆக்கிவிட்டோம். குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. ஆசிரியராகிய எமக்கும் அதிற் பங்குண்டு.

வெள்ளவத்தைப் பிள்ளை ஒருவன் கடலையே ஓயாது வரைவான். மாடியிலிருந்து பார்த்தால் ரெயில் பாதையும் அதற்கப்பாற் கடலும் தெரியும் வீடு அவனுடையது. ஒருநாள் கடல் ஊதா, ஒருநாள் செம்மஞ்சள். ஒருநாள் ரெயில் கடல்மேலே ஓடும். அவன் ஓவியம் ஒன்றை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். நன்மை செய்வதாகவே நினைத்தோம். தாள் புள்ளியோடு திரும்பி வந்தது: 62. அவன் நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டு, "சேர், மிச்சம் முப்பத்தெட்டும் எங்கை போனது?" என்று கேட்டான். எம்மிடம் விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை. அதன்பின் அவன் வரைந்த கடல்களெல்லாம் நீலமாகவே இருந்தன. சில நாளிற் கடலையும் விட்டுவிட்டான்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் இந்நாட்டில் மூன்று இலட்சம் வரையிலான பிள்ளைகள் பத்து வயதில் அதனை எதிர்கொள்கின்றனர். இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. வறிய மாணவனுக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடும் நோக்கத்தோடு வந்த பரீட்சை அது. அந்நோக்கத்தை இகழ யாம் துணியோம். ஆயினும் இன்று பல வீடுகளில் அது குடும்பத்தின் மானத்தை நிறுக்கும் தராசாகிவிட்டது. இரண்டாண்டு முன்னரே விளையாட்டு நிற்கின்றது, ரியூசன் தொடங்குகின்றது, பெறுபேறு வந்த அன்று தொலைபேசி ஓயாது ஒலிக்கின்றது. 140 பெற்ற பிள்ளை 150 பெற்ற பிள்ளையின் தாயைக் கண்டு ஒளிகின்றது. அப்பிள்ளையின் வாழ்விற் புள்ளியிடப்படாத ஓரிடமாவது இருக்கவேண்டாவா?

எமது கருத்துக்கு மறுப்புக்கள் எழும் என்பதை அறிவோம். அவற்றுள் ஒன்றினை மதிப்போடு நோக்கவேண்டும். "எங்களுக்கு இங்கே காணியில்லை, பூமியில்லை. வீடு எரிந்தது, கடை எரிந்தது. எரியாமல் மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். பிள்ளையைப் படி படி என்று நெருக்காமல் என்ன செய்வது?" என்பர் பெற்றோர். இக்கூற்றின் பின்னே ஓர் இனத்தின் பட்டறிவு இருக்கின்றது; அதனை நகைத்தல் தகாது. பரீட்சையை நிறுத்துங்கள் என்று யாம் கேட்கவில்லை. பதகளிக்கும் பிள்ளை நன்றாகப் படியாது என்பதையே நினைவூட்டுகின்றோம். தவிக்கும் மனத்தில் நேற்று மனனஞ் செய்ததும் இன்று நில்லாது. பிள்ளையின் மனத்தை அமைதியாக்கக் கழியும் நேரம் படிப்பிலிருந்து திருடிய நேரமன்று.

"நாங்களும் அடிவாங்கி, பயந்து, படித்து மனிதரானவர்கள்தானே" என்பது இரண்டாவது மறுப்பு. மனிதரானோர் இம்மலரில் எழுதுகின்றனர், இதனை வாசிக்கின்றனர். பயந்து பாதியில் நின்றோர் இம்மலரில் எழுதமாட்டார். அவர்கள் எத்தனை பேர் என்று எந்த வரவுப் பதிவேடும் சொல்லாது.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? பெருஞ் செலவு எதுவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம், புள்ளியில்லாது, போட்டியில்லாது, பரிசில்லாது பிள்ளைகளின் கையில் விடப்படவேண்டும். ஆரம்ப வகுப்புக்களிற் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடம் இருத்தலின் அதற்கு இடந் தேடுவது அரிதன்று. களிமண், பழைய செய்தித்தாள், பசை, நிறப்பென்சில், கந்தைத்துணி இருந்தாற் போதும். "உன்ரை வயித்துக்குள்ளை இருக்கிறது என்ன நிறம்?" என்று கேட்டால் "ஏன் பயப்படுகிறாய்?" என்ற கேள்விக்கு வாய்திறவாத பிள்ளையும் வர்ணத்தை எடுக்கும். அஞ்சும் பிள்ளையை நேரே வினவாது, அஞ்சும் முயற்குட்டி ஒன்றின் கதையைப் பாதி சொல்லி மீதியை அவனிடம் விடலாம். முயல் என்ன செய்தது என்று அவன் சொல்வதில் அவனுக்கு வேண்டிய வழியும் இருக்கும். பிள்ளையை ஆசிரியராக்கி ஆசிரியர் மாணவராய் அமர்ந்து நடிக்கலாம். தம் குரல் பிள்ளையின் செவியில் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை ஆசிரியரும் அன்று அறிந்துகொள்வர். கூடிப் பாடுதலும் நன்று. காலைப் பிரார்த்தனையிற் பண்ணோடு தேவாரம் பாடும்போது மூச்சு நீண்டு வெளிச்செல்கின்றது. நீண்ட வெளிமூச்சினால் விரைந்த இதயத்துடிப்புத் தணிகின்றது. பிழைபிடிப்போர் அருகில் இல்லாமற் பாடினாலே இப்பயன் கிட்டும்.

வீட்டிலும் இதனைச் செய்யலாம். முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டிலும் அடுக்களை உண்டு. இடியப்பத்துக்கு மாக் குழைக்கும் தாய் ஒரு பிடி மாவைப் பிள்ளையின் கையிற் கொடுக்கட்டும். அது பாம்பாகும், யானையாகும், பிள்ளையாராகும், வகுப்பு வாத்தியாருமாகும். தாய் செய்யவேண்டுவது இரண்டே: அருகிலிருத்தல், குறைகூறாதிருத்தல். "யானைக்குத் தும்பிக்கை எங்கே?" என்று கேளாதீர்கள். "எனக்கும் ஒன்று செய்து தா" என்று கேளுங்கள். பிள்ளை வரைந்ததை வைத்துக் குறிசொல்வோர் போல ஆராய்தலும் வேண்டா. கறுப்பு வர்ணம் எடுத்த பிள்ளையெல்லாம் துயருற்ற பிள்ளையன்று. மற்ற வர்ணம் முடிந்திருக்கவுங் கூடும். பிள்ளையின் அனுமதியின்றி அதன் ஆக்கத்தைச் சுவரிலே தொங்கவிடுதலும் உறவினருக்குப் படமெடுத்து அனுப்புதலும் தவறு.

இவ்வழி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று கூறோம். வாரக்கணக்கில் உறங்காத, உண்ணாத, பாடசாலை வாயிலை மிதிக்கவே மறுக்கின்ற, முன்னர்ப் பேசிப் பின்னர்ப் பேச்சு நின்ற பிள்ளைக்குக் களிமண் போதாது. பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலே குழந்தை உளமருத்துவர் உளர். அவரிடம் செல்வதை மானக்கேடாகக் கருதுவோர் காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வதையும் மானக்கேடாகக் கருதட்டும்.

இறுதியாகப் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யூபிலி ஆண்டிலே அன்னைக்குக் காணிக்கை செலுத்தப் பலர் முன்வந்திருக்கின்றனர். கேடயங்களும் கிண்ணங்களும் வரும். அலுமாரியில் அவற்றுக்கு இடமும் உண்டு. உங்களுள் ஒருவரேனும் எவர் பெயரும் பொறிக்காத ஓர் அறையைத் தாருங்கள். தரையிலே பாய், மூலையிலே களிமண், சுவரோரம் தாள், கைகழுவ ஒரு நீர்க்குழாய். அவ்வறையிற் சிவப்புப் பேனா நுழையலாகாது என்பது ஒன்றே விதியாயிருக்கட்டும். மேல்வகுப்பு மாணவர்களே, வாரத்தில் ஒருநாள் அங்கே சென்று சிறியோருடன் தரையில் அமருங்கள். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டா, அவர்களோடு செய்யுங்கள். உடனாசிரியர்களே, நாற்பது நிமிடம் திருத்தாமலிருத்தல் நமது தொழிலில் எவ்வளவு அரியது என்பதை யாம் அறிவோம். எமக்கே இன்னும் முற்றாகக் கைவரவில்லை. ஆயினும் முயல்வோம்.

1983 இலும் அதற்கு முன்னும் பின்னும் அஞ்சி நின்ற சிறுவராகிய உங்களுக்கு அன்று எவரும் ஒரு பிடி களிமண் தரவில்லை. தரும் நிலையிலும் எவரும் இருக்கவில்லை. நீங்கள் பெறாததை உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெறச்செய்தல் உங்களால் இயலும். நாளை காலையும் வாயிலில் ஒருவன் தாயின் கையை விடாது நிற்பான். அவனுக்கு உள்ளே போக ஓரிடம் இருக்கவேண்டும்.

கல்லூரி அன்னை வாழ்க. அவள் மடியில் அஞ்சாது பிள்ளைகள் வளர்க.